இருபதாயிரத்து நூத்தி நாப்பது

உக்காரும்மா, தாராளமா உக்காரு. இந்த இடது பக்கம் காலிதான். எங்க வீட்டுக்காரரு, இந்தா இவுக, அங்க உக்கார மாட்டாக. இவுகளுக்கு ஜன்னல்தான் வேணும். முப்பத்தஞ்சு வருஷமா பஸ்ஸோ ரயிலோ கல்யாண வீட்டுப் பந்தியோ, எனக்கு வலது பக்கம்தான். பந்தியில ஏது ஜன்னல்னு கேக்காத, எனக்கும் தெரியாது.

ஆமா, நீ பையை மேல வைக்கிறப்ப இவுக உன் காதுல என்னமோ சொன்னாகளே, என்னது? சிரிக்கியே! சரி, சொல்லாண்டாம். என்னையப் பத்தித்தான் இருக்கும். இவுகளுக்கு வேற பேச்சு கிடையாது.

நீ இந்த ரயில்ல திருச்செந்தூர் வரைக்குமா? நாங்க நாசரேத்துல இறங்கிருவோம். கோயிலுக்கும் இல்ல, கல்யாணத்துக்கும் இல்ல. சொன்னா சிரிப்ப. கேம் விளையாடப் போறேன். ஆமாம்மா, அறுபத்தோரு வயசுல, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, கேம் விளையாடப் போறேன். அங்க ஒரு காலேஜ்ல பழைய கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சேத்து வச்சு கண்காட்சி போடுதாங்க. பேப்பர்ல வந்திருந்துச்சு. படத்துல பாத்தேன், கருப்பா, கையகலத்துல, அழிரப்பர் மாதிரி எழுத்துக் கட்டை வச்ச பெட்டி. பாத்த உடனே எனக்குக் கை ரெண்டும் துடிக்க ஆரம்பிச்சுட்டு. ஏன்னா அந்தப் பெட்டியில ஒரு காலத்துல பாளையங்கோட்டையிலயே நான்தான் முதல் ஆளு. பெருமைக்காகச் சொல்லல. உள்ளதைச் சொல்லுதேன்.

உடனே அங்க போன் போட்டேன். ஒரு சின்ன வயசு வாத்தியார் பேசுனாரு, பேயைச் சுட்டுச் சாவி பெறக்குற கேம்னு சொன்ன உடனே அவருக்குத் தெரிஞ்சுட்டு. நல்ல பிள்ளைதான். "வாங்க மேடம், பதினோரு மணிக்குப் போட்டி வச்சிருக்கோம், உங்க பழைய ஸ்கோர் ஞாபகம் இருக்கா"ன்னு கேட்டாரு. ஞாபகம் இருக்காவா! "இருபதாயிரத்து நூத்தி நாப்பது"ன்னேன். அவரு உடனே கணக்குப் போட்டுப் பாத்தாரு போல. அப்புறம் சொல்லுதாரு, "மேடம், அந்த கேம்ல ஒரு பேயைச் சுட்டா இருபத்தஞ்சு, சாவி எடுத்தா நூறு, போனஸும் இருபத்தஞ்சு இருபத்தஞ்சாத்தான் ஏறும். எப்படிக் கூட்டுனாலும் கடைசியில நாப்பதுன்னு வராதே." எனக்கு வந்துச்சு பாரு கோவம்! "தம்பி, எங்க வீட்டுக்காரரு கண்ணால பாத்தது. பி.எஸ்.ஸி. ஃபிசிக்ஸ்"னேன். அதுக்கு அவரு சொன்னாரு, "சரிங்க மேடம்."

அந்த "சரிங்க மேடம்" இருக்குல்லா, அது என்னைய ஒரு வாரமா அரிக்குது. சோத்துல உப்பு போட மறந்துட்டேன், கேட்டுப் பாரு இவுககிட்ட. அதான் கிளம்பிட்டேன். அவரு முன்னாடி உக்காந்து, அடிச்சுக் காட்டி, அதே இருபதாயிரத்து நூத்தி நாப்பதைத் தாண்டிட்டு, "சரிங்க சார்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரணும். இவுகதான் வேண்டாம் வேண்டாம்னு நிக்காக. முட்டு வலிக்காம். எனக்கா வலிக்குன்னு கேட்டா, இல்ல, இவுகளுக்காம். விளையாடப் போறது நானு, முட்டு வலிக்கிறது இவுகளுக்கு!

எண்பத்தெட்டுலம்மா. எனக்கு இருபத்தஞ்சு வயசு. பாளை மார்க்கெட்டுக்குப் பக்கத்துல, செருப்புக் கடைக்கு மேல மாடியில, ஆவுடை வணிகவியல் பயிலகம். பேரைப் பாத்து பயந்துராத, டைப் கிளாஸ்தான். இருபத்திரெண்டு மெஷின். ஆவுடையப்பன் சார் முதலாளி, நான் டீச்சர். உலகம்மாள் டீச்சர்னா பாளையில தெரியாத ஆள் கிடையாது. டைப்பு ஹையர் பரீட்சையில ஃபர்ஸ்ட் கிளாஸ். என் கண்ணைக் கட்டி விட்டாலும் அடிப்பேன். போன் வந்தா எடுக்கிறதும் நான்தான். நம்பரை இங்கிலீஷ்ல சொல்லித்தான் எடுக்கணும்னு சார் உத்தரவு. "டூ ஓ ஒன் ஃபோர் ஓ, குட் மார்னிங், ஆவுடை கமர்ஷியல்"னு ஒரே மூச்சுல சொல்லுவேன். நாளைக்கு முப்பது தடவை.

அந்த வருஷம் ஆடி மாசம் சாரோட மச்சினன் சிங்கப்பூர்ல இருந்து வந்தவரு, ஒரு கம்ப்யூட்டர் கொண்டாந்து கொடுத்துட்டுப் போனாரு. சார் அன்னைக்கே வாசல்ல போர்டு வச்சுட்டாரு, "கம்ப்யூட்டர் வகுப்பு விரைவில்"னு. அதை எப்படிப் போடணும்னு ஒருத்தருக்கும் தெரியாது. டி.வி.யில மாட்டணும், டேப் ரெக்கார்டர்ல மாட்டணும். கேசட்டைப் போட்டா கீ-ர்ர்ர்ருன்னு அஞ்சு நிமிஷம் கத்தும். முத தடவை கேட்டுட்டு சார் "நாடா மாட்டிக்கிட்டு"ன்னு கேசட்டை வெளிய எடுத்து பென்சிலை விட்டுச் சுத்த ஆரம்பிச்சுட்டாரு. நாலு கேசட் வந்துச்சு. கணக்கு கேசட், கடிதாசி கேசட், என்னமோ வரைபடம் கேசட், பெட்டிக்குள்ள ஒண்ணும் ஏறல. ஏறுனது ஒண்ணே ஒண்ணு. அந்த கேம்.

அதுக்கு இங்கிலீஷ்ல என்னமோ பேரு. கேசட் அட்டையில தண்ணி பட்டு அழிஞ்சுபோச்சு. நாங்க வச்ச பேரு முடுக்கு. ஏன்னா திரை பூரா முடுக்கு முடுக்கா இருக்கும். எங்க ஊர்ல சின்னச் சந்துக்கு முடுக்குன்னு சொல்லுவோம்லா, அதான். அதுல ஒரு பச்சைப் பய நிப்பான். முடுக்குக்குள்ள பேய் சுத்தும். அதைச் சுட்டுக்கிட்டே சாவியெல்லாம் பெறக்கணும். கடைசி முடுக்குல கடைசிச் சாவியை எடுத்தாத்தான் கதவு திறக்கும், மிச்ச நேரத்துக்குப் போனஸ் கூட்டி மொத்த ஸ்கோரைக் காட்டும். அவ்வளவுதான் கேம். ஆனா ஆவுடையப்பன் சாரு முத முடுக்கைத் தாண்டல. பதினஞ்சு நாள் உக்காந்தாரு, பச்சைப் பய பொறந்த இடத்துலயே செத்தான். அதனால சாருக்கு ஒரு எண்ணம் விழுந்துட்டு. இதைத் தாண்டுறவன் எவனோ அவன்தான் பெரிய கம்ப்யூட்டர் மூளைன்னு.

நான் அதுகிட்டப் போகவே இல்ல. எனக்கு என்ன வந்துச்சு? மத்தியானம் ஒன்னுல இருந்து ரெண்டு வரைக்கும் கிளாஸ் இருக்காதுல்லா, அப்ப தூசி தட்டப் போவேன். தூசி தட்டுறப்பத்தான் பாத்தேன். மேல போக க்யூ, கீழ போக ஏ, இடது போக ஓ, வலது போக பி, சுடுறதுக்கு இடம் விடுற நீளக் கட்டை. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏன்னு கேளு. க்யூவும் ஏயும் இடது சுண்டுவிரல். ஓ வலது மோதிர விரல். பி வலது சுண்டுவிரல். நீளக் கட்டைக்குப் பெருவிரல். ஆள்காட்டி விரலுக்கு அதுல வேலையே கிடையாது! உலகத்துல எல்லாப் பயலும் அந்த ஆள்காட்டி விரலை வச்சுத்தான் பிழைக்கான். சுண்டுவிரலை யாரு மதிக்கா? நாங்கதான் மதிக்கோம். ஏ அடிச்சு ஏ அடிச்சு, மாசக் கணக்கா அந்தச் சின்ன விரலை வளத்து ஆளாக்குறது டைப்புக்காரிதான்.

தூசி தட்டுறது ஒரு மணி நேரம் ஆச்சு. மறுநாளும் தூசி இருந்துச்சு. ஒரு மாசம் தெனமும் தூசி தட்டுனேன். மூணாவது முடுக்கு வரைக்கும் போயிட்டேன். டி.வி. சத்தத்தை மட்டும் வைக்க மாட்டோம். கீழ செருப்புக் கடைக்காரரு சண்டைக்கு வருவாரு. ஊமைப்படம் மாதிரிதான் விளையாடுறது. இது ஞாபகம் வச்சுக்கோ.

எனக்கு அந்தப் பெட்டி மேல ஆசைம்மா. இப்ப மறைச்சு என்ன ஆகப்போகுது? அப்படி ஒரு ஆசை எனக்கு நகை மேலயும் வந்ததில்ல, சேலை மேலயும் வந்ததில்ல.

அப்பத்தான் இவுக வந்து சேந்தாக. இந்தா ஜன்னலைப் பாத்துக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்காகல்லா, இவுகதான். வானமாமலைன்னு பேரு, நாங்குநேரிக்காரரு. மெட்ராஸ்ல ஆறு மாசம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்ச சர்டிபிகேட்டு, எண்ணெய் வச்சுச் சீவின தலை, சோடாப் புட்டிக் கண்ணாடி. போர்டைப் பாத்துட்டு மாஸ்டர் வேலை கேட்டு வந்தாக. சார் பெட்டியைக் காட்டி "அடிச்சுக் காட்டு வே"ன்னாரு. உக்காந்தாக. எத்தனை விரல்னு கேளு. ரெண்டு! ரெண்டே ரெண்டு ஆள்காட்டி விரல், கோழி கொத்துற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. ஆனா என்ன பண்ண, ரெண்டு விரல்லயே கொத்திக் கொத்தி மூணு வாரத்துல கடைசி முடுக்கைத் தாண்டிட்டாக. பத்தொம்பதாயிரத்து நானூறு. சார் அதைக் கரும்பலகையில எழுதி, சுத்திச் சாக்பீஸால பூப்போட்டாரு.

அன்னைக்குச் சாயந்திரம் என்னையக் கூப்பிட்டாரு. "ஏம்மா உலகம்மா, தை மாசத்துல இருந்து ஹால்ல பாதி கம்ப்யூட்டருக்குப் போகுது. பன்னெண்டு மெஷினைக் கழிக்கேன். டைப்பு, கம்ப்யூட்டர் ரெண்டையும் இந்தத் தம்பி பாத்துக்கிடும். நீயும் எத்தனை நாளைக்கு வேலை பாப்ப, கல்யாணம் காட்சின்னு போக வேண்டாமா"ன்னாரு. நல்ல மனுசன்தான். நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னாரு. ஆனா என் நிலைமை வேற. எங்க அப்பா ஏற்கெனவே ரெண்டு ஜாதகத்தைப் பையில வச்சுக்கிட்டு அலையுதாக. வேலை இல்லன்னா மறு வாரமே எவன் வீட்டு அடுப்படியிலயோ நிப்பேன்.

"சார், கம்ப்யூட்டருக்கும் அதே கட்டைதான். நானே சொல்லிக் கொடுப்பேன்"னேன்.

"அது டைப்பு இல்லம்மா, மூளை"ன்னாரு.

"அப்ப அவரு ஸ்கோரைத் தாண்டுனா?"

சார் சிரிச்சாரு. இவுக சிரிக்கல. இவுக சொன்னாக, "சார், டீச்சர் கேக்கிறது நியாயம்தான், தாண்டுனா அவுகதான் மாஸ்டர்." திமிரைப் பாத்தியா? நான் தாண்ட மாட்டேன்னு அவ்வளவு நம்பிக்கை! அன்னைக்கு எனக்கு வந்த வெறியில வீட்டுல போயி அம்மிக்கல்லு மேல விரலை வச்சுப் பழகுனேன்.

போட்டி ஐப்பசி முதல் ஞாயித்துக்கிழமைன்னு முடிவாச்சு, அதுக்கு இன்னும் மூணு வாரம், அதுவரைக்கும் இவுக வர வேண்டாம்னுட்டாரு சார். அந்த மூணு வாரமும் எனக்கு நிம்மதி இல்ல. வேலையும் கூட, போன் தொந்தரவும் கூட. எவனோ ஒருத்தன், தெனமும் பதினோரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. எடுத்து "டூ ஓ ஒன் ஃபோர் ஓ, குட் மார்னிங்"னா, பேச மாட்டான். மூச்சு மட்டும் கேக்கும். வச்சிருவான். சில நாளு சாயங்காலம் குட் மார்னிங் சொல்லிட்டேன்னு சிரிச்சான் பாரு, படுபாவி! எவன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கெடைச்சான்னா இருக்கு.

இந்தா, முறுக்கு எடுத்துக்கோ. வீட்டுல சுட்டது. எடுத்துக்கோம்மா.

போட்டி அன்னைக்குப் பழைய ஸ்டூடண்ட், புது ஸ்டூடண்ட், செருப்புக் கடைக்காரரு எல்லாம் வந்துட்டாங்க. மாடிப்படி வரைக்கும் கூட்டம். நான் போயி உக்காந்தேன். கைக்குட்டையை எடுத்து உதறி, கட்டை மேல விரிச்சேன். கட்டை தெரியாம மூடிட்டேன். நாங்க பரீட்சைக்குப் பிள்ளைகளை அப்படித்தான் பழக்குவோம், குனிஞ்சு பாக்கக் கூடாதுன்னு. கூட்டம் ஓன்னு கத்துச்சு. பெருமைக்காகப் பண்ணல. சும்மா, இருக்கட்டுமேன்னு.

இவுக ஒரு தாளும் பென்சிலுமா எனக்கு இடது பக்கம் வந்து குனிஞ்சு நின்னாக. ஸ்கோரைக் குறிக்கப் போறாகளாம். டி.வி. சின்னது, பின்னால நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால சார் ஒரு காரியம் பண்ணுனாரு. "கூட்டத்துக்குக் கேக்கட்டும்"னு டி.வி. சத்தத்தைத் திருப்பி விட்டாரு. அன்னைக்குத்தான் முத முதல்ல சத்தம்!

அடிச்சேம்மா. அப்படி அடிச்சேன். முத முடுக்கு, ரெண்டாவது முடுக்கு, பேய் வருது, சுண்டுவிரல், பெருவிரல், பேய் காலி. என் கை எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. பச்சைப் பய நான் நெனைக்கிறதுக்கு முந்தியே திரும்புதான். சிரிப்பு வருது எனக்கு. தனியா உக்காந்து கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டே சுடுதேன். இவுக பக்கத்துல இருந்து "பதினஞ்சாயிரம்... பதினேழாயிரம்... பதினெட்டாயிரம்..."னு வாசிச்சுக்கிட்டே வாராக. சத்தமா வாசிச்சாக, குரல்ல சந்தோஷம் வேற. போட்டிக்காரனுக்கு என்ன சந்தோஷம்னு நான் அப்ப யோசிக்கல. கடைசி முடுக்கு. பதினெட்டாயிரத்து எண்ணூறோ என்னமோ. ஒரே ஒரு சாவி பாக்கி. எடுத்தா கதவு, போனஸு, முடிஞ்சுச்சு. எடுத்தேன்.

டிங்!

ஏம்மா, டைப்ரைட்டிங் மெஷின் பாத்திருக்கியா? வரி முடியப் போறப்ப ஒரு மணி அடிக்கும். டிங்குன்னு. அடிச்ச உடனே இடது கையை எட்டி வீசி, அந்த உருளையைத் தள்ளி, அடுத்த வரிக்குக் கொண்டாரணும். அது அந்த நேரம் இடது கோடியில போயி நிக்கும், அதனால நல்லா வீசணும். ஏழு வருஷம், நாளைக்கு ஆயிரம் தடவை. யோசிச்சா செய்வோம்? மணி கேட்டா கை போயிரும்.

கதவு திறக்கிற சத்தமும் அதே டிங்கும்மா! போச்சு கை. வீசுன வீச்சுல இவுக வலது கன்னத்துல பளார்னு ஒண்ணு! கண்ணாடி பறந்துட்டு. எனக்கு உசுரே இல்ல. எந்திரிச்சு நின்னுட்டேன். கூட்டம் சிரிக்குது, சார் "ஏ, ஏ, என்னம்மா இது"ன்னு ஓடி வாராரு, இவுக "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னு கையால துழாவிக்கிட்டே ரெண்டு எட்டு வச்சாக, கால்ல ஒயரு மாட்டி, பிளக்கு புடுங்கி, டேப் ரெக்கார்டர் கீழ விழுந்து, கேசட் நாடா பூரா வெளிய வந்து கெடக்கு. டி.வி. இருட்டு.

எல்லாரும் கேக்காங்க, மொத்தம் என்ன, மொத்தம் என்னன்னு. நான் எங்க பாத்தேன்? நான் அடிபட்ட மூஞ்சியைல்லா பாத்துக்கிட்டு நின்னேன். சார் பாக்கல. திரும்ப விளையாடவும் கேசட் இல்ல. திரைக்குக் கிட்ட நின்னது இவுக ஒருத்தர்தான். சார் கேட்டாரு, "வே, நீ சொல்லு. உன் வாயால சொல்லு. மொத்தம் வந்துச்சா? என்ன?"

யோசிச்சுப் பாரு. ஒரு வார்த்தை குறைச்சுச் சொன்னா வேலை இவுகளுக்கு. எனக்கு ஜாதகம். இவுக கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு, தண்ணிப் பானைப் பக்கம் திரும்பி, அது டி.வி.ன்னு நெனச்சு அதைப் பாத்தே, தெளிவா, நிறுத்தி நிதானமாச் சொன்னாக. "இருபதாயிரத்து... நூத்தி... நாப்பது சார்."

நான் அழுதுட்டேன்மா. மாடியே இடிஞ்சுபோற மாதிரி சத்தம் போட்டாங்க பிள்ளைக. சார் அங்கயே என் கையில பெட்டியோட வந்த புஸ்தகத்தைக் கொடுத்து "இனிமே நீதான் கம்ப்யூட்டர் டீச்சர்"னாரு. அந்தப் புஸ்தகத்தை வச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சு, அடிச்சுப் பாத்து, இருபத்தெட்டு வருஷம் சொல்லிக் கொடுத்தேன். என்கிட்ட படிச்சதுக எங்கெங்கயோ இருக்கு.

இவுக பாடுதான் பாவம். அன்னைக்குக் கண்ணாடி கெடைக்கவே இல்ல. மாடிப்படியில நான்தான் கையைப் புடிச்சு எறக்கி விட்டேன். கீழ வந்து நின்னு, சாருன்னு நெனச்சு எனக்குக் கும்பிடு போட்டு "வாரேன் சார்"னாக. கண்ணாடி இல்லன்னா இவுகளுக்கு ஆளும் தூணும் ஒண்ணுதான். மறுநாள் காலைல பதினேழாம் நம்பர் மெஷின் உறையைத் தூக்குனா, உள்ள இருக்கு கண்ணாடி, யாரோ கவனிக்காம மூடியிருக்காங்க. அப்புறம் எட்டு மாசம் வேலை இல்லாம சுத்துனாக. அவுக அப்பா வீட்டுல ஏசுன ஏச்சு கொஞ்சமா? ஆனா தெனமும் எங்க இன்ஸ்டிட்யூட் வாசல்ல நிப்பாக. தோத்த வருத்தம் போலன்னு நானே கூப்பிட்டு டைப் சொல்லிக் கொடுத்தேன். பத்து விரலும் போட வச்சேன். அடுத்த வருஷம் தாலுகா ஆபீஸ்ல வேலை ஆச்சு, கல்யாணமும் ஆச்சு.

இவுககிட்ட ஒரு நல்ல குணம், பொய் சொல்லத் தெரியாது. அதனாலதான் அந்த வாத்தியார் மேல எனக்கு அவ்வளவு கோவம். நாப்பது வராதாம்லா, நாப்பது!

ஐயையோ! ஏம்மா, என் கை பட்டுட்டா? உன் போனா டிங்குன்னு அடிச்சது? நல்லவேளை குனிஞ்சுட்ட! அது எப்படி, என் கை வர முந்தியே குனிஞ்ச மாதிரி இருந்துச்சு... ஓ! இதைத்தான் காதுல சொன்னாகளா! "போன் அடிச்சா குனிஞ்சுக்கோ"ன்னா! அடப்பாவி மனுசா! அதுக்குத்தான் முப்பத்தஞ்சு வருஷமா வலது பக்கமா? ஜன்னல் ஜன்னல்னு நானும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுதேன்! பாரு, சிரிக்கிறதை. கண்ணுல தண்ணி வர சிரிக்காக. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டுச் சிரிக்காக.

சிரிச்சது போதும், ரயில் நிக்கப் போகுது, வெளிய என்ன ஸ்டேஷன்னு பாருங்க. என்னது? மஞ்சளா என்னமோ தெரியுதா? மஞ்சளா தெரியிறது போர்டு. போர்டுல என்ன எழுதியிருக்கு? ஆளுயரத்துக்கு எழுத்து இருக்கு, அது தெரியலியா?

ஏங்க.

அன்னைக்கு மொத்தம் டிங்குக்கு அப்புறம்தான வந்துச்சு. அப்ப உங்க கண்ணாடி பதினேழாம் நம்பர் மெஷின்லல்லா கெடந்துச்சு.

நீ இரும்மா, முறுக்கைத் தின்னு. ஏங்க, என்னையப் பாருங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க. இருபதாயிரத்து நூத்தி நாப்பதை எங்க இருந்து எடுத்தீங்க?

என்னது? வாயில வந்துச்சா? எப்படி வரும் வாயில? மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பரா? அது யாரு நம்பரு... டூ ஓ...

டூ ஓ ஒன் ஃபோர் ஓ.

பதினோரு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. மூச்சு விட்டுட்டு வச்ச படுபாவி நீங்கதானா?

கேட்டியாம்மா? எட்டு மாசம்... அவுக அப்பா சோத்துத் தட்டு முன்னாலயே ஏசுவாராம். ஒரு வார்த்தை சொன்னாகளா இந்த மனுசன், இத்தனை வருஷத்துல? உப்பு இல்லாத சோத்தைத் தின்னுட்டு முட்டு வலிக்கு முட்டு வலிக்குன்னாக! அங்க போனா வெளிய தெரிஞ்சிரும்னு பயந்திருக்காக.

இரு இரு. அப்ப உண்மையில நான் எவ்வளவு எடுத்தேன்னு ஒருத்தருக்கும் தெரியாதுல்லா? இருபத்தஞ்சாயிரம்கூட இருந்திருக்கும்! குறைச்சுல்லா சொல்லிட்டாக இவுக! சரி போகட்டும். நான் எடுத்த கணக்கே கிடையாதுன்னா, இன்னைக்கு நான் எவ்வளவு எடுத்தாலும் அதான் ரெக்கார்டு! அந்த வாத்தியார்கிட்ட முதல்ல ஒரு சாரி சொல்லணும். அப்புறம் உக்காரணும்.

நாசரேத்துதான், இறங்கணும். வாரேம்மா, முறுக்கை நீயே வச்சுக்கோ. ஏங்க, பையை எடுங்க, பாத்து இறங்குங்க, கையைப் புடிச்சுக்கோங்க. அந்தக் கை இல்ல, இந்தக் கை. இன்னைக்கு நீங்க எனக்கு இடது பக்கம் வந்து நிக்கணும், அன்னைக்கு மாதிரியே. ஸ்கோரையும் நீங்கதான் வாசிக்கணும். கண்ணாடியை மட்டும் கழட்டிப் பையில வச்சிருங்க.